ஆட்டம் விட்டவர் ஆசானாகலாமா?

ஆடி ஓய்ந்த மகா வீரர்கள் இளைஞர்களுக்குக் கற்பிக்க வேண்டுமா, அல்லது கௌரவமாக வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? அமெரிக்கக் கூடைப்பந்து ரஸிகர்களிடையே இது ஓயாத வழக்கு. "அவர்களைவிட அறிந்தவர் யார்?" என்கிறது ஒரு கட்சி. "ஆடத் தெரிந்தவருக்கெல்லாம் கற்பிக்கத் தெரியுமா?" என்கிறது மறு கட்சி. இரு கட்சிக்கும் நல்ல சாட்சிகள் இருப்பதுதான் வேடிக்கை.

மறு கட்சியை முதலில் விசாரிப்போம். லேக்கர்ஸ் கோஷ்டிக்காக ஆடி 5 முறை பட்டம் வென்றவர் மாஜிக் ஜான்ஸன். 1994-ஆம் வருஷம் அதே கோஷ்டிக்குப் பயிற்சித் தலைவராக அமர்ந்தார். 16 ஆட்டங்களில் 5 ஜயம், 11 தோல்வி. அத்துடன் அந்தப் பதவிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

மைக்கேல் ஜார்டன் விஷயம் இன்னும் பரிதாபம். 2001-ல் அவர் வாஷிங்டன் கோஷ்டியின் நிர்வாகியாக இருந்தபோது, க்வாமி ப்ரௌன் என்ற 19 வயது வாலிபனை, பள்ளிக்கூடத்திலிருந்து நேரே, அவ்வருஷத்தின் முதல் தேர்வாக எடுத்தார்கள். பிறகு ஜார்டனே மீண்டும் களத்தில் இறங்கினார். குருவும் சிஷ்யனும் ஒரே கோஷ்டியில்! இதைவிடப் பாக்கியம் உண்டோ? ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது உபதேசத்தைவிட ஏச்சே அதிகம் என்று பத்திரிகைகள் எழுதின. ப்ரௌன் 12 பருவங்கள் ஆடினார்; எதிர்பார்த்த கீர்த்தி மட்டும் வந்து சேரவில்லை. குற்றம் முழுவதும் ஜார்டனுடையது என்று சொல்ல மாட்டோம். ஆயினும் பயந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அறியாததா?

இனி, முதல் கட்சியின் சாட்சி. ஹக்கீம் ஒலாஜுவான் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் பிறந்தவர். சிறுவயதில் கால்பந்து ஆடியவர். கூடைப்பந்தைத் தொட்டது ஏறக்குறைய 15-ஆம் வயதில்தான். 1980-ல் ஹூஸ்டன் சர்வகலாசாலையில் சேர்ந்தார். கோடைக் காலங்களில் அவ்வூர்ப் பொது ஆட்டக்கூடம் ஒன்றில், பெரும் புகழ் பெற்றிருந்த மோஸஸ் மலோன் அவரை எதிர்த்து ஆடுவார். இடியும் முட்டலுமே பாடம்! அந்தப் பாடம் 1994, 1995 இரு வருஷங்களிலும் ஹூஸ்டனுக்குப் பட்டம் தேடித் தந்தது.

ஒலாஜுவான் ஓய்வு பெற்ற பின்பு, 2009-ல் அவரைத் தேடி வந்தவர் கோபி ப்ரையன்ட். அப்பொழுதே 4 பட்டம் பெற்றவர்! 2011-ல் இறுதிப் போட்டியில் டல்லாஸ் கோஷ்டியிடம் தோற்ற லெப்ரான் ஜேம்ஸும் ஹூஸ்டனுக்கு வந்தார். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, தோளை ஒரு பக்கம் அசைத்துக் காலை மறு பக்கம் திருப்பும் வித்தையைப் பயின்றார். 2012-ல் தம் முதல் பட்டத்தை வென்றார். அந்த ஜயத்துக்கு இதுவே முழுக் காரணம் என்பதில்லை. ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை.

ஏன் இங்கே பலித்தது, அங்கே பலிக்கவில்லை? ஒலாஜுவான் வளர்ந்த பிறகு, அடி அடியாகக் கற்றவர். தாம் கற்ற வழி அவருக்கு நினைவிருந்தது. அன்றியும், அவரிடம் வந்தவர்கள் தாமாகவே வந்தவர்கள். ப்ரௌனோ, குருவைத் தேடிக்கொண்டவரல்லர். குருவின் கையில் ஒப்படைக்கப்பட்டவர்.

சலனப் படத்தைப் பார்த்துக் கற்கக் கூடாதா என்று கேட்கலாம். கால் எங்கே போயிற்று என்பதைப் படம் காட்டும். முதுகில் சாயும் எதிரியின் பாரம் எந்தப் பக்கம் என்பதை உணர்ந்து அந்தக் கால் திரும்பியதே, அதைப் படம் காட்டுமா? அது உடம்பிலிருந்து உடம்புக்குப் போக வேண்டிய கல்வி. தூரத்திலிருந்து எறிந்து 3 புள்ளி பெறுவதே பெரிதாகிவிட்ட இக்காலத்தில், கூடையடி வித்தை அறிந்தவர் தொகை குறைந்து வருகிறது. மோஸஸ் மலோன் 2015-ல் காலமானார். அவர் கொடுத்தது ஒலாஜுவான் வழியாக இன்னும் உலவுகிறது. கொடாதிருந்தால்?

ஆகவே நம் அபிப்பிராயம் இது: பழைய வீரர்கள் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் பெயரின் பெருமையைப் பார்த்துத் தலைமைப் பீடத்தில் ஏற்ற வேண்டாம். பயிற்சிக் களத்தில், நாலைந்து பிள்ளைகளுடன் விடுங்கள். அங்கே அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை பட்டம் வென்றீர்?" என்பதன்று, "நீர் யாரிடம், எப்படிக் கற்றீர்?" என்பதே. அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரே ஆசான்.