இங்கிலீஷில் கொதிக்கும் நம் ரசம்!

"எனக்கு இங்கிலீஷ் வராதும்மா!" பரீட்சைத் தாளைக் கசக்கியபடி அழுதாள் என் சின்னவள். கோச்சடையில் பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கும் அந்தப் பயம் உண்டே! அடுப்பில் ரசம் கொதித்துக் கொண்டிருந்தது.

"அழாதே தாயீ. வெள்ளைக்காரன் நம்ம மிளகுத்தண்ணியைத்தான் 'மல்லிகடாணி' சூப்புன்னு குடிச்சான்."

"மல்லி போட்டதாம்மா?"

"இல்லடி, மிளகுதான் அப்படி ஆச்சு! கட்டுமரம் 'கேட்டமரான்', சுருட்டு 'செரூட்' ஆயிருச்சு."

சிரித்துவிட்டாள். 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியிலேயே இம்மூன்றும் இருக்கின்றன.

இப்போது தினமும் ஐந்து வார்த்தைகளைச் சமையலறைச் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறோம். மாலையில் அவள் என்னைக் கேட்பாள். நான் அவளைக் கேட்பேன். தப்பு என்னுடையதுதான் அதிகம்!

சகோதரிகளே, குழந்தையின் பயம் போக, முதலில் நம் பயம் போக வேண்டாமா?