உளி உன்னுடையது, உரிமை யாருடையது?



பச்சைமலை அடிவாரத்திலே, பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலே, உளியோசை கேட்டு வளர்ந்தவன் நான். வாகையும் வேம்பும் வடிவம் பெறும் ஊர். மரத்துக்கு முகம் தரும் மாந்தர் வாழும் ஊர். அவர்தம் மரச்சிற்பங்களுக்கு 2020-ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பியிடம் ஒருவன் சென்று, "ஐயா, இந்த உளியை விலைக்குத் தருகிறேன். ஆனால் பிடியைக் கழற்றிப் பார்க்கலாகாது, மகனுக்கு ஒன்று செய்து தரலாகாது, பத்தாண்டு சென்றதும் சாணை பிடிக்கவும் வரமாட்டேன், புதிது வாங்கிக்கொள்ளும்" என்று கூறினால் சிற்பி என்ன செய்வார்? சிரிப்பார்! சிரித்துவிட்டு, வேறு பட்டறை தேடி நடப்பார்.

மரத்தடியில் நகைப்புக்கு உரியதாகிவிடும் இந்த நிபந்தனை, மடிக்கணினிக்குள் மட்டும் மறுபேச்சின்றி ஏற்கப்படுவது ஏன்? இதுதான் இன்று உன் முன் நான் வைக்கும் கேள்வி.

"மேடையிலே பேசுபவனுக்கும் நாடகம் எழுதுபவனுக்கும் கணினியைப் பற்றி என்ன தெரியும்? கல்லூரியைப் பாதியில் விட்டவனாயிற்றே!" என்பார் உளர். உண்மை, பட்டம் என்னிடம் இல்லை. ஆனால் பெட்டி இருக்கிறது! 2011 செப்டம்பரிலே தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது பன்னிரண்டாம் வகுப்பு மாணவருள் நானும் ஒருவன். ஓட்டு வீட்டுக்குள் அந்தப் பெட்டி நுழைந்த நாளை மறப்பேனோ? என் முதல் நாடகத்தைத் தட்டெழுதியதும் அதிலேதான்.

அதில் இருந்தது ஏழாம் விண்டோஸ். 2020 ஜனவரி 14-ஆம் நாள் அதற்கான ஆதரவு முடிந்தது. பின்வந்த பத்தாம் விண்டோசின் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்தது. பதினொன்றுக்குப் போகலாமே என்பாய். அது கேட்பது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, 4 ஜி.பி. நினைவகம், ஏற்புடைய செயலி. என் பெட்டியிலோ 2 ஜி.பி. நினைவகம்! "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார் ஒரு கடைக்காரர். விசைப்பலகை உழைக்கிறது, திரை ஒளிர்கிறது, பெட்டி மட்டும் இறந்துவிட்டதாம்! உடல் கெடாதிருக்க உயிரை நிறுத்தும் விந்தையைக் கண்டேன், விடை தேடினேன்.

விடை புதியதன்று. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கியிலே 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சை வெளியிட்டார். எவரும் பயன்படுத்தலாம், பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்குப் பகிரலாம் என்பது அதன் அறம். 2023-இல் வெளிவந்த டெபியன் 12-ஐ, எளிய எக்ஸ்எஃப்சிஇ முகப்புடன் என் பழைய பெட்டியிலே நிறுவினேன். நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கண்டபோது நெஞ்சு நிமிர்ந்தது.

ஆனால், பழக்கம் என்பது பொல்லாத எசமானன்! முதல் நாள் என்ன செய்தேன், தெரியுமா? பழைய வழக்கப்படி ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து எக்ஸி கோப்பொன்றை இறக்கி, இருமுறை தட்டினேன். அசையவில்லை. விண்டோசுக்கென்று செய்த பூட்டிலே லினக்ஸ் சாவியைத் திருகினால் திறக்குமோ? குற்றம் கணினியினுடையதன்று, என்னுடையது.

லினக்சின் வழி வேறு. ஊரெல்லாம் அலைந்து மென்பொருள் பொறுக்க வேண்டியதில்லை. களஞ்சியம் ஒன்று உண்டு. டெபியன் 12-இன் களஞ்சியத்திலே 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. முனையத்தைத் திறந்து, 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்ற கட்டளையோடு வேண்டிய பொதியின் பெயரைத் தட்ட வேண்டும். சூடோ என்பது, கூட்டத் தலைவரின் இசைவு பெற்று ஒலிபெருக்கியைப் பிடிப்பது போன்றது. அந்தப் பணிக்கு மட்டும் அதிகாரம். கடவுச்சொல் கேட்கும். தட்டினேன்; திரையிலே ஒரு புள்ளிகூடத் தோன்றவில்லை! விசைப்பலகை பழுதோ என்று பதறினேன். பின்னர் அறிந்தேன்: அருகிருப்பவர் எழுத்தை எண்ணிவிடாதிருக்கவே அந்த மௌனம்.

அதன் பிறகு நடந்ததோ அழகு. வேண்டிய துணைப் பொதிகளைத் தானே கணக்கிட்டது, களஞ்சியத்தின் மின்னொப்பத்தைச் சரிபார்த்தது, இறக்கியது, நிறுவியது. லிப்ரே ஆபீஸ் வந்தது, விஎல்சி வந்தது, தமிழ்99 விசைப்பலகையும் வந்தது. கட்டளைக்கு அஞ்சுபவர்க்குச் சுட்டித் தேர்ந்தெடுக்கும் வழியும் உண்டு. நிறுவிய அனைத்தையும் புதுப்பிக்க ஒரே கட்டளைவரி போதும். என் பெட்டி மீண்டும் பேசியது, தோழ!

குறை இல்லையா? உண்டு, மறைப்பது நேர்மையன்று. சில கணக்கு மென்பொருள்கள் விண்டோசிலேதான் இயங்கும். சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். பழைய எழுத்துருவிலே தட்டிய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாதபோது புரியாத குறிகளாய்த் தெரியும். என் நாடகம் ஒன்றையே ஒருங்குறிக்கு மாற்றித்தான் மீட்டேன். ஆகவே, விண்டோசை விரட்டு என்று முழங்கவில்லை நான். வேறு வழியும் உண்டு என்பதை அறியாத நிலையை விரட்டு என்கிறேன்!

நம் நாட்டுக்கு இது அயல் சரக்குமன்று. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றிலே, விண்டோசுக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் தரப்பட்டது. இடம் தந்தோம், பாடம் தந்தோமா? அண்டை மாநிலமாம் கேரளத்திலே பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிப் பாடம் பயில்கின்றனர். அங்கே முளைத்தது இங்கே முளைக்காதோ? தமிழிலே இவற்றைச் சொல்லித்தரக் 'கணியம்' மின்னிதழ் 2012 முதல் உழைக்கிறதே!

2025-26 வரவுசெலவுத் திட்டத்திலே 20 லட்சம் கல்லூரி மாணவர்க்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி என்று தமிழக அரசு அறிவித்தது. வரவேற்கிறேன், வாழ்த்துகிறேன், உரிமையோடு மூன்று கேட்கிறேன். பெட்டி பெறும் மாணவர்க்கு, மென்பொருள் நிறுவவும் நீக்கவும் கற்றுத்தரும் பயிற்சி வேண்டும். அரசுப் படிவங்கள் எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவிலே வேண்டும். பழைய பெட்டிகளுக்கு உயிரூட்டப் பள்ளிதோறும் ஒரு நாள் வேண்டும். இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை, கருத்துத்தான் தேவை!

உன் வீட்டுப் பரணிலே ஒரு பெட்டி தூங்குகிறதா? எடு, தூசி தட்டு. முதலில் உன் கோப்புகளைப் படியெடுத்து வை. பின்னர், நிறுவாமலே விரலியிலிருந்து லினக்சை இயக்கிப் பார். பிடித்தால் நிறுவு, பிடிக்காவிடில் நிறுத்து. தேர்வு உன்னுடையதாக இருக்கட்டும்!

அரும்பாவூர்ச் சிற்பி தன் உளியைத் தானே தீட்டிக்கொள்கிறார். நாமும் தீட்டக் கற்போம், தோழ!