முதல் இலத்திரனியல் சிகரெட்: தெரிவுக்கு முன் எழ வேண்டிய கேள்வி

சிகரெட்டைக் கைவிட வேண்டுமென உறுதிபூண்ட ஒருவருக்கு இன்று வழங்கப்படும் ஆலோசனைகளுள் இலத்திரனியல் சிகரெட்டும் ஒன்றாகிவிட்டது. லண்டனிலோ மெல்பேர்னிலோ வாழும் உறவினர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, தாம் அவ்வாறே சிகரெட்டை விட்டதாகக் கூறி அக்கருவியைப் பரிந்துரைப்பதும் உண்டு. எந்த வகையை முதலில் வாங்குவது, எவ்வளவு நிக்கொட்டின் அடங்கியதைத் தெரிவு செய்வது என்பனவே அதன் பின்னர் எழும் கேள்விகளாகும். பிரித்தானியாவில் இக்கேள்விகளுக்குத் தெளிவான விடைகள் உள்ளன. அவ்விடைகள் இலங்கைக்குப் பொருந்துமா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

சிகரெட்டுடன் ஒருவரைப் பிணைத்து வைத்திருப்பது நிக்கொட்டின் ஆகும். ஆனால் புற்றுநோய், மாரடைப்பு, சுவாச நோய்கள் ஆகியவற்றுக்குப் பிரதான காரணம் புகையிலை எரியும்போது உண்டாகும் தாரும் காபனோரொட்சைட்டு வாயுவும் ஏனைய ஆயிரக்கணக்கான இரசாயனங்களுமே. புகையிலைப் பாவனையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் மரணிப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நிக்கொட்டினை வழங்கி, எரிபுகையைத் தவிர்க்க முடியுமாயின் இந்த அழிவைக் குறைக்கலாம் என்ற எண்ணமே இக்கருவியின் அடிப்படையாகும். சீனாவைச் சேர்ந்த மருந்தாளரான ஹொன் லிக் 2003 ஆம் ஆண்டில் இதன் இன்றைய வடிவத்தை உருவாக்கினார். மின்கலம் சிறு கம்பிச்சுருளைச் சூடாக்க, நிக்கொட்டின் கலந்த திரவம் ஆவியாகிறது. இங்கு எதுவும் எரிவதில்லை. ஆகையால் சிகரெட்டைவிடத் தீங்கு மிகக் குறைவு. எனினும் அது தூய காற்றும் அன்று.

இக்கருவி புகைத்தலைக் கைவிட உண்மையிலேயே உதவுகிறதா? இதற்கான வலுவான சான்றுகளுள் ஒன்று 2019 ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகை'யில் வெளியான பிரித்தானிய ஆய்வாகும். புகைத்தலைக் கைவிட அரச சேவை நிலையங்களை நாடிய 886 பேர் அதில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு நிக்கொட்டின் பிளாஸ்டர், சுவிங்கம் போன்ற மாற்று மருந்துகளும், மற்றப் பிரிவினருக்கு இலத்திரனியல் சிகரெட்டும் வழங்கப்பட்டன. ஓராண்டின் பின்னர் சிகரெட்டை முற்றாக விட்டிருந்தோர் முதற் பிரிவில் 9.9 சதவீதமாகவும் இரண்டாம் பிரிவில் 18 சதவீதமாகவும் இருந்தனர்.

இந்த ஆய்வில் முதற் கருவி எவ்வாறு வழங்கப்பட்டது என்பது கவனத்திற்குரியது. திரவத்தை மீள நிரப்பக்கூடிய எளிய கருவியொன்றும், ஒரு மில்லிலீற்றரில் 18 மில்லிகிராம் நிக்கொட்டின் அடங்கிய ஒரு போத்தல் திரவமும் கொடுக்கப்பட்டன. அதன் பின்னர் தமக்கு ஏற்ற சுவையையும் அளவையும் பாவனையாளரே தேடிக்கொள்ளுமாறு கூறப்பட்டது. அத்துடன் குறைந்தது நான்கு வாரங்களுக்கு, வாரந்தோறும் நேரடி ஆலோசனையும் வழங்கப்பட்டது. கருவி மட்டும் தனியே வெற்றி பெறவில்லை என்பதே இதன் பொருளாகும்.

பிரித்தானியாவில் புதிதாக மாறுவோருக்குக் கூறப்படும் அறிவுரைகளும் இதே போக்கில் அமைந்தவை. நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட் புகைப்பவரும், காலையில் கண்விழித்த அரைமணி நேரத்திற்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பவரும் குறைந்த நிக்கொட்டின் அளவில் தொடங்கினால் திருப்தியடையாது மீண்டும் சிகரெட்டையே நாடுவர். ஆகவே அத்தகையோர் உயர்ந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதே உகந்ததாகும். சிகரெட்டைப் போல் விரைவாக இழுக்காது மெதுவாகவும் நீண்டதாகவும் இழுக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே பாவிப்பதால் பயனில்லை. சிகரெட் முற்றாக நிறுத்தப்பட வேண்டும். திரவத்தைச் சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். விழுங்கினால் அது நஞ்சாகும். ஒருபோதும் புகைக்காதவர் இதனைத் தொடவே கூடாது.

மேற்படி அறிவுரைகளை வழங்க முடிவதற்கு அங்குள்ள சட்ட ஒழுங்கே காரணமாகும். அங்கு திரவத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டின் இருக்கக்கூடாது. மீள நிரப்பும் போத்தல் 10 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பது குற்றமாகும். சந்தைக்கு வரும் ஒவ்வோர் உற்பத்தி பற்றியும் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்திற்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். 2023 இல் பத்து இலட்சம் புகைப்பவர்களுக்கு ஆலோசனையுடன் கூடிய ஆரம்பக் கருவிகளை வழங்கும் திட்டத்தை அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. அதேவேளை, சிறுவர்கள் மத்தியில் பாவனை பெருகியதும் சுற்றாடல் மாசும் காரணமாக, ஒருமுறை பாவித்து வீசும் கருவிகளின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் அங்கு தடை செய்தனர். தெரிவு செய்யுமாறு கூறும் அரசே தெரிவின் எல்லைகளையும் வகுத்துள்ளது.

இக்கருவியின் மறுபக்கமும் மறைக்கப்படக் கூடாது. மேற்கூறிய ஆய்வில் இலத்திரனியல் சிகரெட்டின் துணையுடன் புகைத்தலை விட்டவர்களுள் 80 சதவீதமானோர் ஓராண்டின் பின்னரும் அக்கருவியைப் பாவித்துக்கொண்டே இருந்தனர். மாற்று மருந்துகளின் துணையுடன் விட்டவர்களுள் 9 சதவீதமானோரே அம்மருந்துகளைத் தொடர்ந்தனர். சிகரெட்டிலிருந்து விடுதலை கிடைத்ததே தவிர நிக்கொட்டினிலிருந்து அல்ல என்பது இதனால் புலனாகும். உள்ளடக்கம் தெரியாத திரவத்தின் ஆபத்தை 2019 இல் அமெரிக்கா கண்டது. அங்கு 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் நுரையீரல் பாதிப்புக்குள்ளானதுடன் 68 பேர் மரணித்தனர். பெரும்பாலும் முறைசாரா வழிகளில் பெறப்பட்ட கஞ்சாச் சாற்றுத் திரவங்களில் கலக்கப்பட்ட விற்றமின் ஈ அசிற்றேற்று என்னும் பொருளே அதற்கு முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது. அனுமதி பெற்ற நிக்கொட்டின் திரவங்களுக்கு இப்பழியைச் சுமத்துவது நியாயமன்று. ஆயினும் கள்ளச்சந்தைத் திரவத்தை நம்பி உள்ளிழுப்பவருக்கு அது தெளிவானதோர் எச்சரிக்கையாகும்.

இலங்கையின் நிலைமைக்கு வருவோம். புகையிலைக் கட்டுப்பாடு தொடர்பான உலக சுகாதார ஸ்தாபனத்தின் சமவாயத்தை 2003 இலேயே ஏற்றுக்கொண்ட நாடு இது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை நிறுவப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் 2016 இல் வெளியிடப்பட்ட ஒழுங்குவிதிகள், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தன. இந்தியாவும் 2019 இல் இவற்றை முற்றாகத் தடை செய்தது. எனவே இங்கு மறைவாகக் கைமாறும் கருவியின் திரவத்தில் எவ்வளவு நிக்கொட்டின் உண்டு, வேறென்ன கலந்துள்ளது என்பதற்கு எவரும் பொறுப்பாளியல்லர். மேலுறையில் அச்சிடப்பட்ட அளவு உண்மைதானா என்று பரிசோதித்துச் சொல்ல நிறுவனமும் இல்லை. எதனை முதலில் வாங்குவது என்று பிரித்தானியர் ஒருவர் கேட்கும்போது அதற்கு ஒரு விடை உண்டு. அதே கேள்வியை யாழ்ப்பாணத்திலோ கல்முனையிலோ ஹற்றனிலோ கேட்பவருக்குப் பாதுகாப்பான விடை எதுவும் இல்லை என்பதே உண்மையாகும்.

தடை தவறானது என்று நாம் வாதிட வரவில்லை. பழச்சுவையும் பளபளப்பான நிறமும் கொண்ட இக்கருவிகள் பாடசாலை மாணவர்களைக் குறிவைக்கின்றன என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இங்கு ஒரு முரண்பாடு உண்டு. உயிரைக் குடிக்கும் சிகரெட் தெருமுனைக் கடையில் சட்டபூர்வமாக விற்பனையாகிறது. அதனைவிடத் தீங்கு குறைந்த கருவி தடை செய்யப்பட்டுள்ளது. ஒரு கதவை மூடிய அரசுக்கு, வெளியேற விரும்புபவருக்காக மற்றொரு கதவைத் திறந்து வைக்கும் கடமை உண்டு. அக்கடமை நிறைவேறாவிடின், தடையினால் நன்மை பெறுவது சிகரெட் கம்பனியே அன்றிப் புகைப்பவர் அல்லர்.

அந்த மற்றைய கதவு எது என்பதில் ஐயமில்லை. 2024 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டி, வரெனிக்ளின், புப்ரோபியன், சைட்டிசின் ஆகிய மருந்துகளையும் நிக்கொட்டின் மாற்று மருந்துகளையும் சிபாரிசு செய்கிறது. நிக்கொட்டின் மாற்று மருந்துகள் 2009 முதல் அந்த ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. நாள் முழுவதும் மெதுவாக நிக்கொட்டினை வழங்கும் பிளாஸ்டருடன், தாங்க முடியாத வேட்கை எழும்போது மெல்லும் சுவிங்கத்தையும் சேர்த்துப் பாவிப்பது, தனியே ஒன்றைப் பாவிப்பதைவிடக் கூடிய பலன் தருவதாக நிரூபிக்கப்பட்டுள்ளது. கர்ப்பிணிகளும் இருதய நோயாளரும் வைத்தியரின் ஆலோசனையுடனேயே இவற்றை நாட வேண்டும். தேசிய அதிகாரசபையின் 1948 என்னும் தொலைபேசிச் சேவையும் ஆலோசனைக்காக உள்ளது.

நமது சமூகங்களுக்குள்ளேயே ஒரு பலமும் உண்டு. ரமழான் நோன்பு நாட்களில் விடியல் முதல் அந்திவரை சிகரெட்டைத் தொடாத முஸ்லிம் சகோதரர்கள் ஏராளம். ஐயப்பனுக்கு மாலையணிந்து 41 நாட்களும் புகையை அறவே ஒதுக்கும் பக்தர்களும் பலர். மனிதனால் முடியாத காரியம் இதுவன்று என்பதற்கு இவையே சாட்சியாகும். ஆயினும் நோன்பு திறந்ததும் அல்லது மாலை கழற்றியதும் பலர் பழைய வழக்கத்திற்குத் திரும்புகின்றனர். குறைபாடு அவர்களது உறுதியில் அன்று. அந்தத் தருணத்தில் கைகொடுக்க எவரும் இல்லாமையிலேயே உள்ளது. அந்நாட்களில் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியுடன் இணைந்து ஆலோசனை முகாம்களை நடத்துமாயின் பலன் பெரிதாகும்.

புகைத்தலை விட விரும்பும் ஒருவர் கிராமத்து வைத்தியசாலைக்குச் சென்றால், "சிகரெட்டை விடுங்கள்" என்ற அறிவுரையுடன் மட்டும் திருப்பி அனுப்பப்படக் கூடாது. மருந்தும், தமிழில் ஆலோசனையும், நான்கு வாரத் தொடர் கவனிப்பும் அவருக்குக் கிடைக்க வேண்டும். சிகரெட் வரியினால் திறைசேரி பெறும் வருமானத்தில் ஒரு சிறு பங்கு இதற்கென ஒதுக்கப்படுவது நியாயமானதாகும். முதல் இலத்திரனியல் சிகரெட்டைத் தேடும் ஒருவர் உண்மையில் தேடுவது கருவியை அல்ல, விடுதலையையே என்பதைச் சுகாதார அமைச்சு உணர வேண்டும்.