"கொஞ்சம் குடித்தால் என்ன?"

விருந்துக்குப் போனால் பால் தேநீர் வரும். "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்றால், "கொஞ்சம் குடித்தால் என்ன மகள்?" என்பார்கள். மரியாதைக்காகக் குடித்துவிட்டு இரவெல்லாம் வயிற்றுவலியோடு விழித்திருந்திருக்கிறேன். இதைப் பலர் பிடிவாதம் என்கிறார்கள். பாலிலுள்ள லக்டோஸ் என்ற வெல்லத்தைச் சமிக்கச் செய்யும் நொதியம் என் குடலில் போதியளவு இல்லை என்பதே உண்மை.

எனக்காக உம்மா தனியாகச் சமைப்பதில்லை. இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும், குரக்கன் பிட்டும் நெத்தலிக் கறியும் எல்லோருக்கும் பொது. தேங்காய்ப்பாலில் லக்டோஸ் கிடையாது. குரக்கனிலும், முள்ளோடு உண்ணும் நெத்தலியிலும் கல்சியம் நிறைய உண்டு. ஆகவே பால் இல்லாத சமையல் நமக்குப் புதிதல்ல.

தாய்மாரே, தோழியரே, பிள்ளை "வேண்டாம்" என்றால் வற்புறுத்தாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். விருந்தாளிக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று விசாரிப்பதும் உபசரிப்புத்தான். ஒரு கோப்பை வெறும் தேநீர் எனக்குப் போதும்.