நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் உரிய வழி

எரிபொருளின்றி நடந்தும் மிதிவண்டியிலும் மேற்கொள்ளப்படும் பயணங்களுக்காகச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றுக்கொண்ட இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கை, இனியேனும் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தெளிவுபடுத்திவிட்ட நிலையில், நடைபாதை அமைப்பதை நகரை அழகுபடுத்தும் பணிகளுள் ஒன்றாகக் கருத இடமில்லை. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் நெறிகள், தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும், முதியோர் எளிதில் ஏறி இறங்குமாறு 150 மில்லிமீட்டருக்கு மிகாத உயரமும் வேண்டும் என்கின்றன. மின்மாற்றியும் நிறுத்தப்பட்ட வாகனங்களும் அடைத்துக்கொண்ட பாதைகள் பல இந்த எளிய அளவையும் எட்டுவதில்லை. பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைவெளி அமைத்துக்காட்டிய மாநகராட்சிக்கு இது இயலாத செயலன்று, எனினும் வணிக வீதி ஒன்று பெற்ற வசதியைப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பேருந்து நிறுத்தங்களையும் இணைக்கும் தெருக்களும் பெற்றாக வேண்டும். மேல்நிலை மாணவர்களுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி வழங்கும் மாநிலத்தில், அதை அவர்கள் லாரிகளுக்கு இடையே ஓட்டிச்செல்ல நேர்வது பொறுக்கத்தக்கதன்று. இடநெருக்கடி உண்மையே, ஆயினும் அதற்காக அகற்றப்பட வேண்டியவை நடைபாதையில் நிற்கும் வாகனங்களே அன்றி, 2014ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டத்தின் பாதுகாப்புக்குரிய வணிகர்கள் அல்லர். அவர்களுக்கு உரிய இடத்தை வரையறுத்து, நடைபாதை, மிதிவண்டிப் பாதைப் பணிகளுக்கான தொகையைத் தனித் தலைப்பில் காட்டும் நிதிநிலை அறிக்கையை மாநகராட்சி மன்றம் நிறைவேற்ற வேண்டும்.