பாக் நீரிணை: இழுவை மடியை மாற்றாமல் அமைதி வராது

2024 ஜூன் மாதம், எல்லை தாண்டிய இந்திய விசைப்படகு ஒன்றைப் பிடிக்கப் போன இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில், கடற்படைக் கலத்துடன் மோதிப் படகு மூழ்கியதில் ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். அந்த ஓராண்டில் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானார்கள். ஒவ்வொரு கைதுக்குப் பிறகும் மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறது. மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். தூதரகம் பேசிச் சிலரை மீட்கிறது. படகுகள் இலங்கைத் துறைமுகங்களில் கிடந்து மக்குகின்றன. அடுத்த வாரம் மறுபடியும் கைது.

இதற்கு நம் மேடைகளில் சொல்லப்படும் ஒரே பதில், கச்சத்தீவை மீட்பது. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் அந்த 285 ஏக்கர் தீவு கைவிட்டுப் போன விதம் குறித்துத் தமிழகத்துக்கு நியாயமான வருத்தம் உண்டு. 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் தொழில் செய்வதை அறவே நிறுத்தின. அப்போதும் மீனவர்களை யாரும் கலந்து பேசவில்லை. ஆனால் இன்று நம் விசைப்படகுகள் மீன் தேடிப் போவது கச்சத்தீவைத் தாண்டி, நெடுந்தீவுக்கும் தலைமன்னாருக்கும் பக்கத்தில். தீவு நாளையே திரும்பி வந்தாலும் இந்தக் கைதுகள் நிற்காது.

சிக்கலின் வேர் இழுவை மடி. அடித்தரையை வாரிக்கொண்டு போகும் அந்த வலையில் இறாலோடு குஞ்சும் முட்டையும் கடற்புல்லும் சேர்ந்து வருகின்றன. ஆழம் குறைந்த பாக் விரிகுடா அதைப் பல பத்தாண்டுகள் தாங்கியது. நம் பக்கம் மீன் குறைந்ததால்தான் படகுகள் எல்லையைக் கடக்கின்றன. அங்கே இருப்பவர்கள் யார்? யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வாழும் தமிழ் மீனவர்கள். 1983 முதல் 2009 வரை போரும் பாதுகாப்புத் தடைகளும் அவர்களைக் கடலிலிருந்து விலக்கி வைத்தன. போர் முடிந்து, கடன் வாங்கிச் சின்ன வள்ளத்தில் வலை விரித்தபோது, இரவோடு இரவாக வந்த நம் படகுகள் அந்த வலைகளை அறுத்துப் போட்டன. ஈழத் தமிழருக்காகத் தெருவில் இறங்கிய தமிழகம், அவர்களுடைய சோற்றில் மண் விழும்போது பேசாமல் இருப்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

இதைச் சொல்வதால் படகு உரிமையாளரை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. விசைப்படகை இந்தியக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவை அரசின் திட்டங்களும் மானியங்களும்தான். இறால் ஏற்றுமதியில் வந்த அந்நியச் செலாவணியை நாடு முழுவதும் அனுபவித்தது. ஆகவே, இழுவை மடித் தொழிலிலிருந்து வெளியேறும் செலவையும் நாடுதான் ஏற்க வேண்டும். 2017இல் அறிவித்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் மூன்று ஆண்டுகளில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவதாகச் சொன்னது. இலக்கின் அருகில்கூட வரவில்லை. அன்றைய 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மானியம் போக மிஞ்சிய கடனே பாரமானது. இரவு போய்க் காலையில் கரை திரும்பிப் பழகியவரிடம், வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கிச் சூரை பிடிக்கச் சொன்னால் அதற்குப் பயிற்சி வேண்டும், சந்தை வேண்டும். பங்குக் கூலிக்குப் போகும் தொழிலாளியை அந்தத் திட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கொழும்புக்கும் கடமை உண்டு. 2017இல் இழுவை மடிக்குத் தடை விதித்த இலங்கைச் சட்டம் சரியானது. அதை யாழ்ப்பாணக் குருநகரின் இழுவைப் படகுகளுக்கும் ஒரே அளவில் அமல்படுத்த வேண்டும். ஆனால் கடற்படைக் கலத்தால் மோதுவது சட்டத்தை நிலைநாட்டும் முறை ஆகாது. முதலாளி கரையில் இருக்க, கூலிக்கு வந்தவரைச் சிறையில் அடைப்பதும் நீதி ஆகாது.

வழி ஏற்கெனவே தெரிந்ததுதான். 2010இல் இரு கரை மீனவர்களும் சென்னையில் நேருக்கு நேர் உட்கார்ந்து, ஓராண்டில் இழுவை மடியைக் கைவிடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். இரண்டு அரசுகளும் அதற்குச் சட்ட உருவம் தரவில்லை. 2016இல் அவை கூட்டுப் பணிக்குழு அமைத்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய அந்தக் குழுவின் ஆறாவது கூட்டம் நடந்ததே 2024 அக்டோபரில்தான்.

இனி வேண்டியது ஒரு தேதி. கடைசி இழுவை மடி எந்த நாளில் கரையேறும் என்று சட்டப்பேரவையில் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். படகுகளுக்கு விலை கொடுத்து மத்திய அரசு வாங்கிக்கொள்ளட்டும். அந்த நாள் வரை சிறையும் தாக்குதலும் இல்லை என்று இலங்கை உறுதி தரட்டும். வடக்கு மீனவர்களைப் பேச்சு மேசையில் உட்கார வைக்கட்டும். அடுத்த தேர்தலில் உங்கள் ஊருக்கு வரும் வேட்பாளர் கச்சத்தீவைப் பற்றிப் பேசினால், அந்தத் தேதியைக் கேளுங்கள்.