கண்ணைத் திறந்துகொண்டும் செபிக்கலாம்



இம்மாதம் நான் விட்ட ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றில் எங்கள் பெண்கள் குழு மாதம் இருமுறை கூடுகிறது. கோயிலை ஒட்டிய சிறு மண்டபத்தில்தான் கூட்டம். கடன், காணி உறுதி, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, "கண்களை மூடி ஐந்து நிமிடம் அமைதியாகச் செபிப்போம்" என்றேன். பயிற்சி ஒன்றில் கற்றது அது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவர் எழும்பி வெளியே போய்விட்டார்.

வேப்பமரத்தடியில் நின்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, எனக்குச் சத்தம் பயமில்லை. சத்தம் நிண்டால்தான் பயம். ஷெல் அடிச்சு ஓய்ஞ்ச நேரத்திலைதான் அடுத்தது எங்கை விழுமெண்டு பங்கருக்குள்ளை காத்துக்கொண்டு இருந்தனாங்கள். கண்ணை மூடினால் மாத்தளன்தான் வருது."

சற்றுப் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். அவருடைய மகன் 2009 மே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்டவன். "பதினைஞ்சு வருஷத்துக்கு மேலை எல்லாரும் எங்களை அமைதியா இருங்கோ எண்டுதான் சொல்லினம். நீங்களுமோ?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சமயம் மக்களை ஒரு சமூகமாகச் சேர்த்துக் கட்டுகிறது என்று டேர்க்கைம் 1912இல் எழுதியதைப் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறேன். பெண்கள் கூடியிருந்து செபமாலை சொல்வதைப் பார்த்தால் அது உண்மையென்று தெரியும். ஆனால் இரவில் பாயில் தனியே விழித்திருக்கும் ஒருத்திக்குச் செபம் என்ன செய்யும் என்பதை நான் படித்ததில்லை. ஆகவே வயதான அருட்சகோதரி ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதையும், அவர் தந்த நூல்களில் வாசித்ததையுமே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அமைதிச் செபம் கிறிஸ்தவ மரபுக்குப் புதிதல்ல. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களில் ஆண்களும் பெண்களுமாகப் பல துறவிகள் வாழ்ந்தார்கள். அங்கே கற்ற யோவான் கசியான் என்பவர் 5ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய செபமுறையை எழுதிவைத்தார். ஒரே ஒரு சிறு வசனத்தை வேலையிலும் ஓய்விலும் திரும்பத் திரும்பச் சொல்வதே அந்த முறை. மனம் அலைந்தால் மறுபடி அந்த வசனத்துக்கு வர வேண்டும். அது எந்த வசனம் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 70ஆம் திருப்பாடலின் முதல் வசனம். விரைந்து வந்து உதவி செய்யும்படி கடவுளைக் கூப்பிடுகிற வசனம் அது. அமைதிக்குப் போகும் பாதையென்று அந்தத் துறவிகள் பிடித்துக்கொண்டது ஒரு கூக்குரலைத்தான்.

நம் காலத்தில் இதை மீண்டும் பரப்பியவர் ஜோன் மெயின் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1950களில் அவர் மலாயாவில் பிரித்தானிய அரச அலுவலராக இருந்தார். கோலாலம்பூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய சுவாமி சத்தியானந்தரிடம்தான் முதலில் தியானத்தைக் கற்றார். துறவியான பிறகு, அதே வழி தன் சொந்த மரபிலும் இருப்பதைக் கசியானின் எழுத்தில் கண்டார். 1975இல் இலண்டனில் தியானக் குழு ஒன்றைத் தொடங்கினார். "மாரனாதா" என்ற சொல்லைக் காலையும் மாலையும் அமர்ந்து சொல்லும்படி கற்பித்தார். அரமேய மொழியில் அதற்கு "ஆண்டவரே வாரும்" என்று பொருள். இதுவும் ஒரு கூப்பிடுதல்தான்.

அருட்சகோதரி எலியாவின் கதையையும் நினைவூட்டினார். உயிருக்குப் பயந்து ஓடிய எலியா, பாலைவனத்தில் ஒரு செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டும் என்று கேட்டார். வானதூதர் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டார், மறுபடியும் உணவு கொடுத்தார். மலையில் காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்த பிறகே மெல்லிய ஓசை கேட்டது. அதைக் கேட்ட பின்னரும் எலியா தன் முறைப்பாட்டை முன்பு சொன்னபடியே மறுபடி சொன்னார். கடவுள் அவரை வாயை மூடச் சொல்லவில்லை.

சகோதரிகளே, செபத்தின் அமைதி வேறு, வாயடைத்துப் போவது வேறு. இதை நான் அந்த அம்மாவிடமிருந்துதான் விளங்கிக்கொண்டேன்.

இப்போது எங்கள் குழுவில் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். முதலில் தேநீர். கண்ணை மூடும்படி யாரையும் கேட்பதில்லை. மெழுகுதிரியையோ வெளியே மரத்தையோ பார்த்துக்கொண்டிருக்கலாம். கதவு திறந்தே இருக்கும். இரு பாதங்களும் நிலத்தில் ஊன்றியிருக்கட்டும். விரும்பினால் செபமாலையைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். தனக்குப் பிடித்த ஒரு சிறு சொல்லை மூச்சோடு சேர்த்து மெல்லச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் போதும். பழைய காட்சிகள் வந்தால் நிறுத்திவிட்டு எழும்பி நடக்கலாம். அதில் பாவமும் இல்லை, வெட்கமும் இல்லை. சைவ, இஸ்லாமியச் சகோதரிகள் தங்கள் மரபிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள்.

செபம் மருந்துக்குப் பதிலல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நித்திரையின்மையும் பயங்கரக் கனவுகளும் தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் உங்கள் பகுதிச் சமூகப் பணியாளரைக் கேளுங்கள்.

அந்த அம்மா மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. நான்காவதற்கு வந்து கதவோரம் இருந்தார். விடியப்புறம் அடுப்பு மூட்டும்போது நெருப்பைப் பார்த்தபடி "ஆண்டவரே வாரும்" என்று சொல்வாராம்.

"நித்திரை முழுக்க வந்திட்டுது எண்டு சொல்லமாட்டன் பிள்ளை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் நான் ஓடேல்லை."

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்கு அவர் பலமுறை போய்வந்தவர். கடந்த ஓகஸ்ட் 30, காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்தன்றும் மகனின் படத்தோடு பஸ் ஏறினார். ஏறுவதற்கு முன் தரிப்பிடத்தில் அவரது உதடுகள் அசைவதைக் கண்டேன். கண்கள் திறந்தேயிருந்தன.

உங்களுக்கு ஆறுதல் தரும் சிறு சொல் எது? எழுதி அனுப்புங்கள்.